உன் பெயரில் நான் எழுதிய கடிதங்கள்

எட்வின் கண்ணு,

வருகிற வியாழக்கிழமை நீ மஸ்கட்டுக்குக் கிளம்புகிறாய். உன்னைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிச் சேலம் வரை கொண்டுபோய் விட வேண்டும் என்று அப்பா டூட்டி மாற்றி வாங்கியிருக்கிறார். சபையில் உனக்காக ஜெபம் வைத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் காப்பி குடித்துவிட்டு உனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெயிலில் தொப்பி போட்டுக்கொள், யாரையும் நம்பாதே, வாரம் தவறாமல் கடிதம் போடு. நீயும் எல்லோருக்கும் தலையாட்டுகிறாய். பெற்றவளான நான் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீ அதைக் கவனித்திருப்பாய். சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், உனக்கு நான் செய்த ஒரு காரியம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிளஸ் டூ கணக்கில் நீ தேறாமல் போன வருடம் உனக்கு மறந்திருக்காது. மாரமங்கலம் பஸ்ஸில் ஏறினால் யாராவது மார்க் கேட்பார்கள் என்று நீ வீட்டைவிட்டே வெளியே போகவில்லை. அப்போது நான் உன்னைத் தேற்றவில்லை. "எஸ்டேட் ரைட்டர் ஊட்டுப் பையன் இஞ்சினீரிங் போறான், நீ கட்டில்ல படுத்திரு சாமி" என்று சொன்னேன். சொன்ன பிறகு நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அடுத்த வாரம் எஸ்டேட் பங்களாவில் பழைய மேனேஜர் விட்டுப்போன புத்தக அலமாரியைப் பற்றி எங்கள் மேனேஜர் ஐயா பேச்செடுத்தபோது, அந்தப் பேச்சுக்குப் பிராயச்சித்தம் போலத்தான் உனக்காகக் கேட்டு வாங்கினேன். எல்லாம் இங்கிலீஷ் கதைகள். வேறு கிரகத்துக்குப் போகிறவர்கள், மந்திரவாதிகள், பேசும் மிருகங்கள். அட்டைகளைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. நீ அவற்றைப் படிக்க ஆரம்பித்தாய். சாப்பிடவும் ஆரம்பித்தாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அதற்கடுத்த வருடம். காப்பி வாங்குகிறவர்களுக்கு இ-மெயில் அனுப்ப வேண்டும் என்று வாங்கினார்கள். இருபது வருடமாக டைப்ரைட்டரில் அடித்த நான் அதைக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் நீ ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாய். இங்கிலீஷ் பேப்பரில் பார்த்து எழுதி வைத்திருந்த மெயில் விலாசம். மாதம் ஒரு பழைய விஞ்ஞானக் கதையோ மாயக்கதையோ எடுத்துக்கொண்டு, எங்கெங்கோ இருப்பவர்கள் மெயிலிலேயே பேசிக்கொள்ளும் குழு அது. அவர்கள் அறிவித்த நாவல்களில் பாதி நம் வீட்டு அலமாரியில் இருந்தன. "அம்மா, நான் எழுதித் தர்றேன். நீங்க அடிச்சு அனுப்பறீங்களா?" என்று கேட்டாய். அந்த வருடத்தில் நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம் அதுதான். மேனேஜர் ஐயாவிடம் போய் நின்றேன். "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அனுப்பிக்கம்மா, போன் லைனை மட்டும் நொம்ப நேரம் புடிச்சு வெச்சுராத" என்றார்.

அப்படித்தான் நான் உனக்குத் தபால்காரி ஆனேன். நீ கோடு போட்ட தாளில் எழுதித் தருவாய். நான் சனிக்கிழமை மத்தியானம் அடித்து அனுப்புவேன். வந்த பதில்களை, ஓரத்தில் ஓட்டை போட்ட அந்த நீளத் தாளில் அச்செடுத்து உனக்குக் கொண்டுவருவேன். முதல் கடிதத்தை நீ எழுதியபடியே, ஒரு எழுத்துகூட மாற்றாமல் அடித்தேன். உண்மையைச் சொன்னால், சின்னப் பிள்ளை எழுதியதுபோல இருக்கிறதே, படித்தவர்கள் சிரிப்பார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது பேர் பதில் போட்டார்கள். பெங்களூரிலிருந்து, நாகபுரியிலிருந்து, கனடாவிலிருந்து. நீ அந்தத் தாள்களை வாசற்படியில் நின்றபடியே படித்தாய். உள்ளே வரவேண்டும் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. அந்த வருடம் நீ கணக்கில் தேறியதற்கு டியூஷன்தான் காரணம் என்று அப்பா சொல்வார். எனக்குத் தெரியும், அந்த ஒன்பது பேர்தான் காரணம்.

இதுவரை நான் செய்ததெல்லாம் நல்லதுதான். இனிமேல்தான் நீ அறியாதது வருகிறது.

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, நீ எழுதியது எனக்குப் புரியவில்லை. புரியாததை அடிக்கக் கை வராமல், நீ முடித்துவைத்த அந்த நாவலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் படித்தேன். ஒரு ராஜ்ஜியத்தில் குடிமக்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு நினைவை அரசனுக்கு வரியாகக் கட்ட வேண்டும். ஒரு தாய் தன் மூத்த மகனின் நினைவை முழுதாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். வாசலில் நிற்கும் பையனைப் பார்த்து, "நீ யாரப்பா?" என்று கேட்கிறாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். நீ உன் கடிதத்தில் அவள் ஈரமில்லாதவள், நினைவுகளிலேயே சுலபமானதைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வரிகளை அடிக்காமல் விட்டேன். அவற்றின் இடத்தில், மறந்துபோன மகனை மறுபடியும் தெரிந்துகொள்ளலாம், அவன் வாசலிலேயே நிற்கிறான் என்ற தைரியத்தில்தான் அவள் அதைக் கொடுத்திருப்பாள் என்று நானே எழுதினேன். கீழே உன் பெயரைப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பதினேழு பதில்கள் வந்திருந்தன. இரண்டைத் தவிர மற்றதெல்லாம் நான் எழுதிய அந்த வரிகளைப் பற்றி. இந்த வயதில் இப்படி யோசிக்கிற பையனா என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் மூன்று தடவை படித்தேன். எட்வின், எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அதுவரை என்னிடம் கடிதத்தை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், நகல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கையெழுத்துக்கு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு விஷயத்தில் நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். பதினேழையும் அச்செடுத்து, அந்த வரிகளைத் தொடாத இரண்டை மட்டும் உன்னிடம் கொடுத்தேன். மற்றவற்றைக் கொடுத்தால் நீ எழுதாத வரிகளைப் பற்றிக் கேட்பாய் அல்லவா?

அதற்குப் பிறகு மாதாமாதம் உன் கடிதம் குறைந்துகொண்டே வந்தது, என்னுடையது வளர்ந்தது. நம் மலையைப் பற்றி, பலாப்பழத்தைப் பற்றி, அப்பாவின் பஸ்ஸைப் பற்றி நீ எழுதியதையெல்லாம், இது எதற்கு அவர்களுக்கு என்று வெட்டினேன். டிக்‌ஷனரியைப் பார்த்துப் பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டேன். குழுவில் உன் பெயர் பெரிதாகிக்கொண்டிருந்தது. வீட்டில் நீ சுருங்கிக்கொண்டிருந்தாய். ஒரு சனிக்கிழமை நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து நின்றாய்.

"இந்த வாரமும் ஒண்ணும் வரலீங்களாம்மா?"

என் பையில் பன்னிரண்டு தாள் இருந்தது.

"வரல கண்ணு. அவங்கெல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க. அவங்களுக்குள்ளயே பேசிக்குவாங்களாட்ட இருக்குது."

"நான் எழுதறது அவங்களுக்குப் புடிக்கலீங்க போல."

"உட்டுத் தள்ளு சாமி. நமக்கெதுக்கு அது" என்றேன்.

கேட்டாயா? அதுதான் நான் சொன்னது. நீ புத்தகங்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி, பங்களா அலமாரியில் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வந்தாய். அடுத்த மாதம் ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் ஒரு ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போனாய். நான் மட்டும் அந்தக் குழுவை விடவில்லை. பங்களா அலமாரியிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எனக்கென்று எடுத்துவந்து, ஒரு வருடத்துக்கும் மேலாக உன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன். நீ கடையில் நின்று அடுத்தவர்களின் சர்டிபிகேட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்த அதே மத்தியானங்களில், நான் எட்வினாக உட்கார்ந்து கனடாக்காரரோடு வாதம் செய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உன் பக்கத்தில் நின்று பாடும்போது சில சமயம் எனக்குக் குரல் வராது. ஜலதோஷம் என்பேன்.

பிறகு நளினி வந்தாள். பெங்களூரில் சிறுவர்களுக்கான அறிவியல் பத்திரிகை ஒன்றை நடத்துகிறவள், குழுவில் முதல் நாளிலிருந்து இருப்பவள். ஏற்காடு பார்க்க வருகிறேன், சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து ஒண்டிக்கடையில் நிற்பேன், எட்வினை அவசியம் பார்க்க வேண்டும் என்று மெயில் போட்டிருந்தாள். வரவேண்டாம் என்று எழுத எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நானே போய் நின்றேன். முப்பத்தைந்து வயதிருக்கும், தோளில் துணிப்பை, நன்றாகச் சிரிக்கிற முகம். நான் எட்வினின் அம்மா என்றதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எட்வின் எங்கேம்மா? வரலையா?"

"அவன் மெட்ராஸ் போயிட்டானுங்க. திடீர்னு ஒரு இண்டர்வியூ வந்துருச்சு."

நான் அப்படிச் சொன்னபோது நீ எதிர்ச் சாரியில், இருபது அடி தூரத்தில், கடைக்குள் மெஷினுக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாய். உன் நீலச் சட்டை எனக்குத் தெரிந்தது.

அவள் முகம் வாடிவிட்டது. காப்பி குடிக்கலாம் என்று கூட்டிப்போனேன். அங்கே உட்கார்ந்து அவள் சொன்னதைக் கேள். "அம்மா, அவன் இப்ப எழுதறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் வந்தது அதுக்காக இல்ல. அவனோட முதல் லெட்டர் ஒண்ணு இருக்கு. தெரியுமா? பதில் வர முப்பது வருஷம் ஆகும்னு தெரிஞ்சும் ஒரு பொண்ணு நிலாவுலேர்ந்து விண்வெளிக் கப்பல்களுக்கு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருப்பா, அந்த நாவல். அதுக்கு எல்லாரும் என்னென்னமோ எழுதினோம். உங்க பையன் என்ன எழுதினான் தெரியுமா? எங்க மலையில பனி இறங்கினா எங்கப்பா வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சுக்கிட்டே பஸ் ஓட்டுவார், எதிர்ல ஆள் இருக்கா இல்லையான்னு அவருக்குத் தெரியாது, இந்தப் பொண்ணோட சிக்னல் எனக்கு அந்த ஹாரன் மாதிரி கேக்குதுன்னு எழுதினான். இன்னைக்கு மேல வரும்போது பனி. டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தார். எனக்கு அழுகை வந்துடுச்சும்மா. அப்புறம் ஏன் அவன் அந்த மாதிரி எழுதறதே இல்ல?"

நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் பத்திரிகையில் மாதாமாதம் ஒரு பக்கம் உனக்குத் தருவதாக இருந்தாள். புத்தகங்களும் அனுப்புவாளாம். பெங்களூர் வந்தால் வேலைக்கும் ஏற்பாடு செய்வாளாம். "அவனுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போறேன், ஒரு நிமிஷம்" என்று எழுந்து, தாளும் கவரும் வாங்க ரோட்டைத் தாண்டினாள். ஜெராக்ஸ் கடைக்குத்தான் போனாள். வேறு கடை பக்கத்தில் இல்லை.

எனக்கு எழுந்து ஓட வேண்டும் என்றிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். நீ அவளுக்கு நான்கு தாள் எண்ணிக் கொடுத்தாய். அவளுடைய பேனா எழுதவில்லை போலிருக்கிறது, உன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாய். உன் கண்ணாடிப் பெட்டியின் மேலேயே தாளை வைத்து அவள் எழுதினாள். நீ அவளுக்கு இடம் விட்டு, பெட்டியின் மேலிருந்த கவர்க் கட்டை நகர்த்தி வைத்தாய். என்னமோ கேட்டாய், அவள் சிரித்து ஏதோ சொன்னாள். உனக்கு எழுதிய கடிதத்தை உன் முகத்துக்கு எதிரே நின்று, உன் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை நான் கூப்பிட்டிருந்தால் போதும். "எட்வின்" என்று உன் பெயரை ஒரு தடவை ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டிருந்தால் போதும். நான் கூப்பிடவில்லை. அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, ஒட்டிய கவரை என் கையில் வைத்து, "அவன் கையிலேயே குடுங்கம்மா" என்றாள். குடுக்கறேனுங்க என்றேன்.

அந்தக் கவர் இதோடு இருக்கிறது. நான் பிரிக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை, பயத்தால். அன்றோடு குழுவுக்கு எழுதுவதை நிறுத்தினேன். எட்வின் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டுக் கொஞ்ச நாள் மெயில்கள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மஸ்கட் வேலைக்கு நீ எழுதிப்போட்டபோது, உனக்கு உண்மையாகவே ஆசையா என்று கேட்டேன். "இங்க எனக்கு என்னங்கம்மா இருக்குது?" என்றாய். அதற்குப் பதில் என் பீரோவில் ஒட்டிய கவருக்குள் இருந்தது.

போன மாதம் உனக்கு விசா வந்த அன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "உனக்குப் பேசோணும்னா உன்ற பேர்லயே பேசியிருக்கலாமே புள்ள. யாரு வேண்டாம்னாங்க?" என்றார். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு டைப்பிஸ்ட் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பையன் சொன்னால் கேட்பார்கள் என்று பையனை மறைத்துவிட்டு அவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் அப்பா கேட்டார், "என்ற ஹாரனைப் பத்தியா எழுதினான்?" மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் சேலம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் உட்கார்ந்து, முதல் தடவையாக என் பெயரில் குழுவுக்கு எழுதினேன். நான் யார், எத்தனை மாதம் எழுதினேன், எது என் மகனுடையது, எது என்னுடையது, எல்லாம். போன வாரம் பதில் பார்க்கப் போனேன். கனடாக்காரர், தான் ஏமாற்றப்பட்டதாகவும் இனி என் கடிதத்தைப் படிக்கப்போவதில்லை என்றும் எழுதியிருந்தார். நியாயம்தான். சிலர் என்னையும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நளினி நான்கு வரி எழுதியிருந்தாள். பத்திரிகையை மூடிவிட்டார்களாம். அந்தப் பக்கம் இனி இல்லை. அன்றைக்கு ஒரு கடையில் பேனா கொடுத்த பையன் இன்னும் தனக்கு நினைவில் இருக்கிறான், அவன்தானா என்று கேட்டிருந்தாள். ஆமாம் என்று நான் பதில் போடவில்லை. அதை நீதான் போட வேண்டும். இனி உன் சார்பில் ஒரு வரிகூட நான் எழுதமாட்டேன்.

ஆகவே நான் செய்ததைச் சரிசெய்ய முடியும் என்று நினைத்துக்கொள்ளாதே. முடியாது. போன பக்கம் போனதுதான். நீ உன்னையே நம்பாமல் கழித்த அந்த இரண்டு வருடமும் போனதுதான். எனக்குத் தெரிந்த ஒரே புத்தி இது: உன்மேல் பாசம் இருக்கிறவர்கள் உன் வார்த்தையை வாங்கிக்கொண்டு போனால், அது போய்ச் சேர்ந்ததா என்று நீயே ஒரு தடவை போய்ப் பார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் பெயருக்கு வந்த எல்லாத் தாள்களையும் இதோடு கட்டி வைத்திருக்கிறேன். நான் அனுப்பியவற்றின் நகலும் இருக்கிறது. உன் வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். நான் வெட்டி எறிந்தவை நினைவிருந்தவரை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். சில எனக்கு மறந்துவிட்டன. உன் கையெழுத்துத் தாள்களை நான் வைத்திருக்கவில்லை, கண்ணு. அவற்றை ஆபீஸ் குப்பையோடு போட்டுவிட்டேன். அதையும் நீ தெரிந்துகொள்.

முதலில் இந்தக் கட்டை உன் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து படிப்பாய். கோபமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே ஆறிவிடும். எனக்கு ஒரு கடிதம் வரும், அல்லது வராது. எழுத உட்கார்ந்த பிறகுதான் அதுவும் அதே திருட்டுப் புத்தி என்று உறைத்தது. நீ கிளம்ப இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இன்று நீ கடையில் கணக்கு ஒப்படைத்துவிட்டு மத்தியானம் வந்துவிடுவாய். சாப்பிட்டு முடித்ததும் இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நான் உள்ளே சமையல்கட்டில் உட்கார்ந்திருப்பேன். கதவைச் சாத்தமாட்டேன். அப்பாவை ஸ்டாண்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன், நடுவில் வந்து யாரும் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் படி. படித்து முடித்ததும் உள்ளே வந்து, உனக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதை என் முகத்தைப் பார்த்துச் சொல். நான் ஒரு வார்த்தையும் மாற்றாமல் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா